தொண்ணூற்றாறு சதவீதக் கொலை

செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது.

கோவில்பதாகை ஏரிக்கரையில்... ஆள் நடமாட்டம் இல்லாத மதகுப் பக்கம்... ஒரு ஜோடி செருப்புக்கு அருகில்.

செவ்வாய்க்கிழமை. காலை ஆறே முக்கால்.

எருமை ஓட்டி வந்த பூங்காவனம் நின்றாள்.

"யார்றா இவன்? போனை வுட்டுட்டு எங்க போய்க்கீறான்?"

குனிந்தாள். திரையில் ஒரு பெண்ணும், அவள் இடுப்பில் ஒரு குழந்தையும் சிரித்தார்கள். கீழே 'தாட்சா' என்று பெயர். பூங்காவனத்துக்குப் படிக்க வராது. சிரிப்பு மட்டும் புரிந்தது.

எடுத்துப் பேசலாமா என்று நிமிர்ந்தவள் ஏரியைப் பார்த்தாள்.

ஆகாயத்தாமரைக்கு நடுவே ஒரு நீலச் சட்டை மிதந்தது.

சட்டைக்குள் ஆள் இருந்தான்!

"ஐயையோ...!"

எருமைகள் மிரண்டு ஓடின. போன் நின்றது. அடுத்த நொடி, மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது.

*

செத்தவன் பெயர் லோகேஷ். வயது முப்பத்து நாலு. அம்பத்தூர் எஸ்டேட்டில், இரும்புத் தகட்டை அமுக்கி வளைக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர்.

இரண்டு வாரம் முன்பு அந்தக் கம்பெனியில் ஒரு சாவு. வேம்புலி என்ற தொழிலாளியை இருநூறு டன் பிரஸ் நசுக்கிவிட்டது. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்துவதற்கு ஒரு சென்சார் உண்டு. அன்றைக்கு அது நிறுத்தவில்லை.

சென்சாரைப் பராமரிப்பது லோகேஷின் வேலை. சஸ்பெண்ட் செய்தார்கள்.

இப்போது அவன் வீட்டு லேப்டாப்பில் ஒரு கடிதம்.

'வேம்புலியின் சாவுக்கு நானே காரணம். மனசாட்சி உறுத்துகிறது. என்னை யாரும் தேட வேண்டாம். - லோகேஷ்.'

தட்டச்சு செய்த கடிதம். கையெழுத்து இல்லை.

கம்பெனிக்கு நிம்மதி. செத்தவன் மேல் பழி போட்டால் அவன் யூனியனுக்குப் போக மாட்டான். போலீசுக்கும் வேலை மிச்சம்.

தற்கொலை! ஃபைல் மூடப்பட்டது.

ஒரே ஒருத்தி மட்டும் மூடவில்லை.

*

"மேடம், என் பொண்ணு ரெண்டாங்கிளாஸ் படிக்குது. நேத்து ஒரு பையன் 'உங்கப்பா கொலைகாரன்'னு சொல்லியிருக்கான். வீட்டுக்கு வந்து கேக்குறா... 'அப்பா யாரைம்மா கொன்னாரு?'ன்னு. நான் என்ன சொல்லட்டும்?"

தாட்சாயிணி அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் தேவிப்பிரியா டீ கிளாசை மேஜையில் வைத்தாள். முந்தின வாரம்தான் இந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்தவள். மூடின ஃபைல்களைத் திறந்து பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு.

"உங்க வீட்டுக்காரர் தப்பு பண்ணலைன்னு எப்படிம்மா அவ்ளோ உறுதியா சொல்றீங்க?"

"ஆதாரம் இருக்குன்னு அவரே சொன்னார் மேடம். ஞாயித்துக்கிழமை சாயந்திரம், என்னையும் பொண்ணையும் ஐயப்பன்தாங்கல்ல எங்கம்மா வீட்டுக்கு பஸ் ஏத்தி விட்டார். அப்போ சொன்னார். 'தப்பு யார் பண்ணதுங்கற வீடியோ லேப்டாப்ல இருக்கு தாட்சா. செவ்வாய்க்கிழமை கொண்டுபோய் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ்ல குடுத்துடுவேன். அதுவரைக்கும் ஒரு ஆளுக்கு சான்ஸ் குடுத்திருக்கேன்'னார்."

"யாருக்கு?"

"கேட்டேன். சிரிச்சார். பஸ் கிளம்பிடுச்சு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் தொண்டையைக் கனைத்தான். தினகரன். அதே கம்பெனியில் புரொடக்‌ஷன் சூப்பர்வைசர். கோவில்பதாகைக்காரன். பாலிடெக்னிக்கில் லோகேஷோடு ஒரே பெஞ்ச். சுடுகாட்டில் தோள் கொடுத்தவன். அன்றிலிருந்து தாட்சாயிணி எங்கே போனாலும் துணைக்கு வருகிறவன்.

"நானும் சொல்லிப் பாத்துட்டேன் மேடம். லேப்டாப்பை லேப்லயே தோண்டிப் பாத்துட்டாங்க. அந்த லெட்டரைத் தவிர ஒண்ணுமில்ல. போனவன் போயிட்டான். இந்தப் பொண்ணு மனசு ஆற மாட்டேங்குது."

"ஆறாது தினா அண்ணா" என்றாள் தாட்சாயிணி. "ஆறவே கூடாது."

தேவிப்பிரியா திரும்பினாள்.

"யூசுப்! அந்த லேப்டாப்பைக் கொண்டா!"

யூசுப் கொண்டு வந்தார். தலைமைக் காவலர். பூந்தமல்லிக்காரர். ஸ்டேஷனில் கம்ப்யூட்டர் சம்பந்தமாக எது வந்தாலும் அவர் தலையில்தான் விழும்.

பட்டனை அமுக்கினார்.

காத்திருந்தார்கள்.

காத்திருந்தார்கள்...

"இன்னா மேடம் இது, சுளுக்கு பிடிச்ச மாடு மாதிரி எய்ந்துக்கவே மாட்டேங்குது!"

"முன்னெல்லாம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடும் சார்" என்றாள் தாட்சாயிணி. "இப்ப ஒரு டீ போட்டுட்டு வரலாம். அவர் போனதும் இதுவும் செத்துப்போச்சு."

யூசுப்பின் புருவம் உயர்ந்தது.

"ஒரு டெஸ்ட் போட்டுப் பாத்துடலாமா மேடம்? பெஞ்ச்மார்க்னு பேரு. டிஸ்க்குக்கு ட்ரெட்மில் டெஸ்ட் மாதிரி. கொஞ்சம் எய்த வுடும், கொஞ்சம் படிக்க வுடும். செகண்டுக்கு எத்தினி எம்.பி. ஓடுதுன்னு நம்பர் சொல்லும்."

"போடு."

"அதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கறேன். டிஸ்க் பொறந்ததுலேர்ந்து மொத்தம் எவ்ளோ எய்திகீதுன்னு உள்ளேயே ஒரு மீட்டர் கீது. ஆட்டோ மீட்டர் மாதிரிதான். ஆனா இதுக்கு சூடு வெக்க முடியாது!"

போட்டோ எடுத்தார். மொத்தம் எழுதியது நானூற்று எண்பது ஜி.பி.

பிறகு டெஸ்ட் ஓடியது. ஒரு நிமிடம்.

"நானூத்தி முப்பது, மேடம்."

"நல்ல நம்பரா, கெட்ட நம்பரா?"

பதில் தினகரனிடமிருந்து வந்தது.

"கெட்டது மேடம்! தீபாவளிக்கு நான்தான் கூடப் போய் ரிச்சி ஸ்ட்ரீட்ல இந்த டிஸ்க்கை வாங்கிக் குடுத்தேன். அன்னிக்கு டெஸ்ட் பண்ணப்போ மூவாயிரத்து நானூறு ஓடிச்சு. குதிரை! அதுக்கப்புறம் நான் இதைத் தொட்டதே இல்ல."

"இப்ப ஏன் இப்படி?"

"வயசானா இப்படித்தான். இந்த நானூத்தி முப்பதே ஏமாத்து வேலை மேடம். சின்ன டெஸ்ட்ல அப்படிக் காட்டும். பெரிசா எழுத விட்டா, இருபது ஜி.பி. தாண்டினதும் எண்பதுக்கு வந்து படுத்துடும். இதை வெச்சுகினு இன்னா பண்றது? வித்துடும்மா தாட்சா. பாக்கப் பாக்க உனக்கும் கஷ்டம்."

கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"செகண்ட் ஷிப்ட் இருக்கு மேடம். கிளம்பறேன்."

கிளம்பினான்.

பைக் சத்தம் தேய்ந்தது. தாட்சாயிணி கைப்பையைத் துழாவினாள்.

"மேடம்... இந்த ஸ்பீடுன்னதும் ஞாபகம் வந்துச்சு. அவர் போறதுக்கு முன்னாடி வியாழக்கிழமை கீபோர்டு மாத்தக் குடுத்தார். சனிக்கிழமை சாயந்திரம் போய் வாங்கிட்டு வந்தோம். கடையில குடுத்த சீட்டு இது."

ஜாப் கார்டு. குமணன்சாவடியில் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடை. கார்டில் இரண்டு போட்டோ ஒட்டியிருந்தது. 'திறப்பதற்கு முன்', 'மூடிய பின்'. இரண்டிலும் அதே டெஸ்ட். இரண்டிலும் அதே நம்பர்.

மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு!

யூசுப் விசிலடித்தார்.

"சனிக்கெயமை குதிரை... பதிமூணு நாள்ல கயுதையா? வயசானா நரைக்கும் மேடம். ஜாதி மாறாது!"

தேவிப்பிரியா தொப்பியை எடுத்தாள்.

*

குமணன்சாவடி ஜங்ஷன். பஸ்ஸும் லாரியும் ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டிருந்தன.

கடை வாசலில் பெரிய போர்டு: 'திறப்பதற்கு முன்பும் டெஸ்ட்! மூடிய பின்பும் டெஸ்ட்! உங்கள் பொருள் உங்கள் பொருளே!'

உரிமையாளர் பால்ராஜ், போலீஸ் ஜீப்பைப் பார்த்ததும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டான்.

"வாங்க மேடம்... இன்னா மேடம்... லேப்டாப்பா மேடம்?"

"ஆமா. உன் போர்டு நல்லா இருக்கே, நீயே எழுதினதா?"

"கஸ்டமர்ங்க நம்ப மாட்டேங்கறாங்க மேடம். பார்ட்ஸைத் திருடிட்டேன்னு வந்து நிப்பானுங்க. அதான் டெஸ்ட் பண்ணி, போட்டோ எடுத்து, கார்டுல ஒட்டிக் குடுக்கறது. எங்க கடை வய்க்கம்."

"நல்ல வழக்கம்" என்று ஜாப் கார்டை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இந்த ரெண்டு போட்டோலயும் லேப்டாப் மூலையில மணி தெரியுது பாரு. 'திறப்பதற்கு முன்', பத்து பதினேழு. 'மூடிய பின்', அதுவும் பத்து பதினேழு. உன் கடையில கடிகாரம் நின்னு போச்சா... இல்ல ஒரே போட்டோவை ரெண்டு தடவை பிரிண்ட் போட்டியா?"

பால்ராஜின் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை.

"மேடம்... அது..."

"லேப்டாப் சொந்தக்காரர் செத்துட்டார். தெரியுமா?"

"செ... செத்துட்டாரா?"

"கொலைன்னு சந்தேகம். டிஸ்க்கை மாத்தினவன் நீ. இப்ப சொல்லு, கொன்னதும் நீதானே?"

தொப்பென்று காலில் விழுந்தான்.

"ஐயோ மேடம்! மாதா மேல சத்தியம்! டிஸ்க்கை மட்டும்தான் திருடினேன்! உசுரை இல்ல மேடம்!"

யூசுப் அவனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கினார்.

"வாயைத் தொறந்து கரெக்டா சொல்லு நைனா. எப்படி?"

"நல்ல ஸ்பீடு டிஸ்க் வந்தா... கஸ்டமர் ஒண்ணும் தெரியாதவர்னா... அதுல கீறதை அப்டியே ஒரு மட்டமான புது டிஸ்க்குக்கு காப்பி அடிச்சு, அதை மாட்டிடுவேன். எல்லா ஃபைலும் இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. இவருது சனிக்கெயமை மத்தியானம் மாட்டினேன்."

"எவ்ளோ காப்பி பண்ணே?"

"நூத்திப் பத்து ஜி.பி. மேடம்."

"டெஸ்ட் பண்ணா கஸ்டமர் கண்டுபிடிச்சுட மாட்டானா?"

"யார் மேடம் ஊட்ல போய் டெஸ்ட் பண்றாங்க? அதான் கார்டுலயே போட்டோ கீதே! அந்த டிஸ்க்கும் மேலாக்க பாத்தா நல்லா ஓடும். பெரிசா எய்தினாத்தான் இருபது ஜி.பி. தாண்டி எண்பதுக்கு வந்து படுத்துக்கும். இந்த ரகத்துக்கு அதான் குணம். அவ்ளோ பெரிசா எவன் எய்தப் போறான்?"

தேவிப்பிரியா அசையாமல் நின்றாள்.

இருபது ஜி.பி. தாண்டினதும் எண்பதுக்கு வந்து படுத்துடும்...

காலையில் ஒருத்தன் இதையே சொன்னான். இதே இருபது. இதே எண்பது. தீபாவளிக்கு அப்புறம் லேப்டாப்பைத் தொட்டதே இல்லை என்று சொன்ன அதே வாயால்!

"பழைய டிஸ்க் எங்கடா? வித்துட்டியா?"

"இல்ல மேடம்." பால்ராஜ் மேஜை டிராயரை இழுத்தான். உள்ளே ஒரு பழைய ஊறுகாய் டப்பா. மூடியைத் திறந்தான். சூயிங்கம் அளவில், பச்சை நிறத்தில் ஏழெட்டு டிஸ்க்குகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ச் சீட்டு.

"திருடினதை உடனே விக்க மாட்டேன். ஒரு மாசம் ஊறப் போடுவேன். அதுக்குள்ள கஸ்டமர் வந்து சத்தம் போட்டார்னா, 'தப்பா மாறிப்போச்சு சார்'னு அதையே திருப்பி மாட்டிக் குடுத்துடுவேன். அதனால ஒரு எய்த்து கூட அயிக்க மாட்டேன்."

நடுவில் ஒன்று. 'லோகேஷ் - கோ.பதாகை.'

யூசுப் அதை இரண்டு விரலால், கல்யாண மோதிரத்தை எடுப்பதுபோல் எடுத்தார்.

அரை மணி நேரம் கழித்து, ஸ்டேஷனில், அந்தப் பழைய டிஸ்க் வேறொரு லேப்டாப்பில் கண் விழித்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள்!

வீடியோ இருந்தது.

ஏழு நிமிட வீடியோ. தேவிப்பிரியா நாலு நிமிடத்துக்கு மேல் பார்க்கவில்லை.

*

மறுநாள் காலை பத்து மணி.

"உக்காருங்க தினகரன். டீ?"

"வேணாம் மேடம். இன்னா விஷயம்?"

"நீங்க நேத்து சொன்னீங்களே, பெரிய டெஸ்ட்... அதைப் போட்டுப் பாக்கலாம்னு. யூசுப், ஓட விடு!"

லேப்டாப் திரையில் ஒரு கோடு ஓடியது. முந்நூறு... நானூறு... பதினெட்டு ஜி.பி... பத்தொன்பது... இருபது...

கோடு செங்குத்தாக விழுந்தது.

எண்பது!

"சபாஷ்!" என்று கைதட்டினாள் தேவிப்பிரியா. "அப்படியே சொன்னீங்க!"

"அனுபவம் மேடம்." தினகரன் சிரித்தான்.

"தீபாவளிக்கு அப்புறம் இதைத் தொடலைன்னீங்க, இல்லையா?"

"ஆமா."

"தீபாவளிக்கு நீங்க வாங்கிக் குடுத்த டிஸ்க் இது இல்லை தினகரன்."

சிரிப்பு நின்றது.

"இது சனிக்கிழமை மத்தியானம் சர்வீஸ் கடைக்காரன் திருட்டுத்தனமா மாட்டினது. லோகேஷுக்குத் தெரியாது. அவர் சம்சாரத்துக்குத் தெரியாது. லேபுக்குத் தெரியாது. உங்களுக்கு மட்டும் இதோட குணம் எப்படித் தெரிஞ்சுது?"

"கு... குத்துமதிப்பா சொன்னேன் மேடம். மட்டமான டிஸ்க்னா எல்லாம் அப்படித்தான்..."

"ஒண்ணு பத்துல படுக்கும், ஒண்ணு அம்பதுல படுக்கும் அண்ணாத்தே" என்றார் யூசுப். "கரெக்டா இருபது, கரெக்டா எண்பது! லாட்டரி இருந்த காலத்துல நீ டிக்கெட் வாங்கியிருக்கணும்."

தேவிப்பிரியா ஒரு போட்டோவைத் தள்ளினாள்.

"புது டிஸ்க்ல கடைக்காரன் எழுதினது நூத்திப் பத்து. நேத்து மீட்டர்ல இருந்தது நானூத்தி எண்பது. நடுவுல முந்நூத்தி எழுபது ஜி.பி. யார் எழுதினது? ஞாயித்துக்கிழமையா, திங்கக்கிழமையா? என்னத்தை எழுதினீங்க, ராமாயணமா?"

"எனக்கு இன்னா மேடம் அவசியம்? நான் ஏன் பண்ணணும்?"

அவள் பதிலுக்கு இன்னொரு லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள்.

கம்பெனி கேமரா. வேம்புலி செத்த தேதி. மதியம் இரண்டு பத்து.

திரையில் தினகரன் வந்தான். சென்சார் பெட்டியில் சாவியைப் போட்டுத் திருகினான். பச்சை விளக்கு அணைந்தது. வேம்புலியின் தோளில் தட்டினான். 'சீக்கிரம்... சீக்கிரம்' என்று கையாட்டினான். போய்விட்டான்.

தலையாட்டிவிட்டு வேம்புலி பிரஸ்ஸை நோக்கித் திரும்பினான்...

தேவிப்பிரியா நிறுத்தினாள்.

"மிச்சத்தையும் பாக்கணுமா?"

தினகரன் திரையருகே குனிந்தான்.

"இது... இதை நான் அழிச்சேனே..."

"காப்பியை அழிச்சீங்க. ஒரிஜினல் குமணன்சாவடில ஒரு ஊறுகாய் டப்பாவுல தூங்கிட்டு இருந்துச்சு."

தினகரன் நாற்காலியில் சரிந்தான். பேச ஆரம்பித்தபோது குரல் யாருடையதோ போல் இருந்தது.

"ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு பீஸ் கேட்டாங்க மேடம். சென்சார் ஓடினா தொள்ளாயிரம்தான் வரும். ஆஃப் பண்ணக் கூடாதுன்னு ரூல். ஆயிரத்து இருநூறு வரணும்னும் ரூல். எல்லா சூப்பர்வைசரும் பண்றதுதான்... என் ஷிப்ட்ல மட்டும் ஆளு செத்துட்டான்."

"லோகேஷ்?"

"ஞாயித்துக்கெயமை போன் பண்ணான். 'மச்சான், செவ்வாக்கெயமை வரைக்கும் டைம். நீயே போய் சொல்லிடு. நானும் கூட வர்றேன்'னான். கூட வர்றானாம்! என் வேலைக்கு யார் வருவா? என் ஜெயிலுக்கு யார் வருவா?"

"அதனால கொன்னீங்க."

"கொல்லப் போகல மேடம்!" மேஜையில் ஓங்கி அறைந்தான். "அழிக்கத்தான் போனேன்! சாவி மீட்டர் பாக்ஸ்ல இருக்கும், எனக்குத் தெரியும். பாஸ்வேர்டு அவன் பொண்ணு பேரு. திங்கக்கெயமை அவன் வக்கீலைப் பாக்க ஆவடி போயிருந்தான். திரும்பி வர மத்தியானம் ஒரு மணி ஆகும்னு சொன்னான். நான் பதினொண்ணே முக்காலுக்குப் போனேன். வீடியோவை அழிச்சேன். யாரும் தோண்டி எடுக்கக் கூடாதுன்னு காலி இடம் பூரா குப்பையை எழுத விட்டேன். அஞ்சே நிமிஷ வேலை மேடம்! அந்த டிஸ்க் ஸ்பீடு எனக்குத் தெரியாதா, நான்தானே வாங்கிக் குடுத்தேன்!"

தேவிப்பிரியாவின் பேனா நின்றது.

"அஞ்சு நிமிஷத்துல முடியல?"

"முதல்ல ஓடிச்சு. இருபது ஜி.பி. தாண்டினதும் எண்பதுக்கு வுய்ந்துடுச்சு. இன்னும் ஒண்ணே கால் மணி நேரம்னு காட்டுது. பாதில நிறுத்தினா பிரயோஜனம் இல்ல. உக்காந்து பாத்துகினே இருந்தேன். பன்னண்டே காலுக்குக் கதவு தொறந்துது. வக்கீல் கோர்ட்டுக்குப் போயிட்டாராம். சீக்கிரமா வந்துட்டான்."

"அப்புறம்?"

"லேப்டாப் மூடியைப் பாதி சாய்ச்சேன். 'மச்சான், உன்கிட்ட பேசணும், ஏரிப் பக்கம் போலாம்'னேன். நான் சரண்டர் ஆகத்தான் வந்திருக்கேன்னு நெனச்சுட்டான். சந்தோசமா வந்தான் மேடம்... போனைக் கூட எடுக்காம வந்தான். மதகு மேல உக்காந்து கெஞ்சினேன். முடியாதுன்னான். தள்ளிட்டேன்."

"நீச்சல்?"

"தெரியாது அவனுக்கு. பாலிடெக்னிக் டூர்ல கெணத்துல வுய்ந்தப்போ நான்தான் தூக்கினேன்."

தேவிப்பிரியா அதையும் எழுதிக்கொண்டாள்.

"அவன் ஊட்டுக்குத் திரும்பி வந்து பாக்கறேன்... தொண்ணூத்தாறு பர்சென்ட்ல ஓடிகினே கீது மேடம். ஆளு போயிட்டான். அது இன்னும் முடியல. மிச்சம் நாலு பர்சென்ட் முடியற வரைக்கும் உக்காந்திருந்தேன். அப்புறம்தான் லெட்டரை அடிச்சேன். அவன் போனை எடுத்துப் போய் செருப்புக்குப் பக்கத்துல வெச்சேன்."

தேவிப்பிரியா எழுந்தாள். ஜன்னல் பக்கம் போனாள். அவளுக்குக் கொஞ்சம் காற்று தேவைப்பட்டது.

"யூசுப். விலங்கு."

*

மாலை.

தாட்சாயிணி ஸ்டேஷன் வராந்தாவில் நின்றிருந்தாள். கையில் மகளின் பள்ளிக்கூடப் பை. கொலை செய்தது யார் என்று தெரிந்தபோது அவள் கத்தவில்லை. "தினா அண்ணாவா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். சுடுகாட்டில் அவன் தோள் கொடுத்த ஞாபகம் வந்திருக்க வேண்டும். வலது தோளை யாரோ தொட்டதுபோல் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"என் பொண்ணுக்கு இனிமே பதில் சொல்லலாம் மேடம்."

"சொல்லுங்க. 'அப்பா யாரையும் கொல்லலை'ன்னு சொல்லுங்க."

லாக்கப் கம்பிக்குப் பின்னால் பால்ராஜ் கைகூப்பினான்.

"அக்கா! அக்கா! ஊட்டுக்காரர் பேரைக் காப்பாத்தினது நான்தான்கா! அந்த டிஸ்க்கை நான் மட்டும் எடுத்து வெக்கலன்னா அந்த ஆளு அதையும் அயிச்சிருப்பான்கா! நீங்க ஒரு வார்த்தை மேடம்கிட்ட சொல்லுங்க!"

தாட்சாயிணி அவனைப் பார்த்தாள். மெல்ல அருகே போனாள். கைகளைக் கூப்பினாள்!

"திருட்டுதான். ஆனா நீங்க வெச்சிருந்தீங்க. நல்லா இருங்க."

தேவிப்பிரியா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

தாட்சாயிணி படியிறங்கினாள். வாசலில் மகள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து மறைகிற வரைக்கும் தேவிப்பிரியா பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு லாக்கப் முன் வந்தாள்.

பால்ராஜ் இளித்தான்.

"பாத்தீங்களா மேடம்? அவங்களே கும்புட்டுட்டாங்க. நான் திருடலன்னா உங்களுக்கு இந்தக் கேஸே கெடைச்சிருக்காது. கொஞ்சம் பாத்து..."

"நீ திருடாம இருந்திருந்தா அந்த லேப்டாப்ல எந்த டிஸ்க் இருந்திருக்கும்?"

"பயசு மேடம். மூவாயிரத்து நானூறு."

"அதுல முந்நூத்தி எழுபது ஜி.பி. எழுத எவ்ளோ நேரம் ஆகும்?"

"அஞ்சு நிமிசம் மேடம். கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள..."

நிறுத்தினான்.

"பதினொண்ணே முக்காலுக்கு உக்காந்தவன் பன்னண்டு மணிக்கு முன்னாடியே வேலையை முடிச்சுட்டுப் போயிருப்பான். பன்னண்டே காலுக்கு லோகேஷ் வந்து, காலி வீட்டுல, பசியோட சாப்பிட்டிருப்பான்." அவள் குரல் உயரவே இல்லை. "வீடியோ போயிருக்கும். வேலை போயிருக்கும். இன்னிக்கு உயிரோட இருந்திருப்பான். நீ திருடலைன்னா கேஸ் கிடைச்சிருக்காதுன்னா சொன்னே? நீ திருடலைன்னா... கேஸே இருந்திருக்காதுடா!"

பால்ராஜின் கை கம்பியிலிருந்து நழுவியது. அவன் வாசலைப் பார்த்தான். அந்தப் பெண் கும்பிட்ட இடம் காலியாக இருந்தது.

"மேடம்..." என்று யூசுப் தயங்கினார். "அந்தம்மாவுக்கு இதைச் சொல்லப் போறீங்களா?"

"கோர்ட்டுல ஒருநாள் தெரியும். இன்னிக்கு ராத்திரியாவது தூங்கட்டும்."

"சரி... இவனை இன்னா பண்றது?"

தேவிப்பிரியா தொப்பியை மாட்டினாள்.

"அவன் கடை வழக்கம்தான் யூசுப். ஒரு மாசம் ஊறப் போடு!"